வாசலில் காசு வேண்டாம் என்றவர்

அன்று போனவர்கள் நாலு பேர்: அப்பா, அம்மா, தங்கை, நான். போகாதவர் அம்மாவின் அண்ணன், எங்கள் தாய்மாமன். பெண்ணுக்கு வரன் பார்க்கும் எந்தக் காரியத்திலும் முதல் ஆளாக உட்கார வேண்டியவர் அவர்தான். ஆனால் அவரிடம் நாங்கள் மூச்சுக்கூட விடவில்லை. மாமாவிடம் சொன்னால் செய்தி குடவாசல் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். முந்தின வருஷம் ஒரு இடம் பேசிப் பாதியில் நின்றது. என்ஜினீயர் என்று சொல்லப்பட்ட பையன் படிப்பைப் பாதியில் விட்டவன் என்பது பிறகுதான் தெரிந்தது. அது எங்களுக்குத் தெரிந்த அன்றே ஊருக்கும் தெரிந்துவிட்டது. தங்கை ஒரு மாதம் பஸ் ஸ்டாப்புக்குப் போக வேறு வழி தேடினாள்.

அதனால் இந்தத் தடவை தரகர் ஒரு ஏற்பாடு சொன்னார். வீட்டுக்கு வந்து பெண் பார்ப்பதெல்லாம் வேண்டாம். இரண்டு குடும்பமும் ஒரு பொது இடத்தில் தற்செயலாகச் சந்தித்துக்கொண்ட மாதிரி சந்தித்துப் பேசிவிடலாம். பிடித்தால் மேலே போவது, பிடிக்காவிட்டால் யார் வீட்டு வாசலிலும் யாரும் ஏறவில்லை. கோவில்தான் வழக்கம். ஆனால் தை மாதம் எந்தக் கோவிலுக்குப் போனாலும் நம் ஊர்க்காரர் ஒருவர் பிரகாரம் சுற்றிக்கொண்டிருப்பார் என்றாள் அம்மா. தரகர் யோசித்து, தோண்டி எடுத்த பழைய அரண்மனை இடத்தைச் சொன்னார். இடத்தின் பெயரை எழுதவில்லை, கல்யாண விஷயம். வயல்களுக்கு நடுவே மேடாகக் கிடந்த தரை அது. தோண்டத் தோண்டச் செங்கல் சுவரும் கிணறும் கல்தூண்களின் அடிப்பாகமும் வந்தன. செல்போன் வீடியோக்களில் வந்த பிறகு திடீரென்று கூட்டம் அம்மியது. சுவர்கள் தாங்காது என்று ஒரு நேரத்துக்கு இத்தனை பேர் என்று அளவு வைத்து டிக்கெட் போட்டிருந்தார்கள். ஆளுக்கு ஐம்பது ரூபாய்.

நாள் காணும் பொங்கல். அதைத் தள்ளிப்போட முடியாது. மாப்பிள்ளைக்கு ஊர் பேராவூரணிப் பக்கம், வேலை சிங்கப்பூரில். லீவு முடிந்து மறுநாள் இரவு திருச்சியில் விமானம் ஏறுகிறார்.

தங்கை கும்பகோணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அவளுக்கு அவரிடம் ஒரே ஒரு சந்தேகம். "வீடியோ கால்ல பேசுறப்பல்லாம் பக்கத்துல யாரோ சொல்லிக் குடுத்து, அதக் கேட்டுப் பேசுற மாதிரி இருக்குண்ணே," என்றாள். "நான் ஒண்ணு கேட்டா ஒரு செகண்டு கழிச்சுத்தான் பதில் வருது. அந்த ஒரு செகண்டுல யாரோ சிரிக்கிறாங்க. இந்த ஆள் தனியாப் பேசி நான் கேக்கணும். கேட்டாத்தான் சரின்னு சொல்லுவேன். இல்லன்னா வேணாம்." இதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. ஆக, அந்த ஒரு நாளில், அந்த வேலிக்குள், அவள் அவரோடு பேசியாக வேண்டும்.

எனக்கு அவளைவிடக் கூடுதலாகவே சந்தேகங்கள் இருந்தன. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். அதனால் வீட்டுக்கு வரும் எந்தக் காகிதமும் எந்தக் குறுஞ்செய்தியும் என் கண் பட்டு, பொய்யில்லை என்று நான் சொன்ன பிறகே மெய்யாகும். உர மானியம் வந்திருக்கிறது என்று ஒருவன் போனில் பேசி அப்பாவின் குத்தகை நெல் பணத்தை வழித்துக்கொண்டு போனதிலிருந்து இந்த வழக்கம் இன்னும் இறுகிவிட்டது. மாப்பிள்ளையின் விவரத்தாளில் 'சூப்பர்வைசர்' என்று இருந்தது. தரகர் அனுப்பிய வீடியோவை நிறுத்தி அவருடைய கையைப் பார்த்தேன். சூப்பர்வைசர் கையில் அத்தனை தீக்காயத் தழும்பு எப்படி வரும் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மனதில் வைத்திருந்தேன்.

டிக்கெட் எடுப்பது என் பொறுப்பு. முந்தின நாள் சாயங்காலம் போனில் நாலு டிக்கெட் போட்டேன். இருநூறு ரூபாய் கணக்கிலிருந்து போனது, டிக்கெட் வரவில்லை. திரும்பப் போட முயன்றால் எல்லா நேரமும் நிரம்பிவிட்டது என்று காட்டியது. அப்பா எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, வந்துடிச்சா?"

"பணம் போயிருக்குப்பா. டிக்கெட் வரல. பணம் திரும்ப வந்துடும்."

"அவனும் இப்படித்தான் சொன்னான், உர மானியக்காரன்," என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

காலையில் பஸ் ஸ்டாப்பிலேயே கேள்வி வந்துவிட்டது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் அப்பாவை ஊரில் யாரும் பார்த்ததில்லை. அறுவடை மிஷினுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிற நாளில் குடும்பத்தோடு நிற்கிறோம்.

"என்ன, எல்லாரும் எங்க கெளம்பிட்டீங்க?" என்றார் பக்கத்துத் தெருக்காரர்.

"காணும் பொங்கல் இல்ல, சும்மா சுத்திப் பாக்க," என்றாள் அம்மா.

"நீங்க சுத்திப் பாக்கவா? மிஷின் வர்ற நாள்லயா?"

"மிஷின் எங்க போயிடப் போவுது," என்றார் அப்பா. பொய் சொல்ல வராதவர்கள் சொல்கிற பொய் எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். பஸ் வந்து காப்பாற்றியது. வலங்கைமானில் வேறு பஸ் மாறி ஏறியதும் அப்பா தாழ்ந்த குரலில் சொன்னார். "எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. பேசி முடியிற வரைக்கும் அவங்க காசுல பச்சத்தண்ணி கூட வாங்கிக் குடிக்கக் கூடாது." சம்பந்தம் உறுதியாகும் முன்னால் அவர்கள் கையால் எதையும் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்பார்கள். கை நனைத்துவிட்டால் பாதி ஒத்துக்கொண்டதாக அர்த்தம். பிறகு பின்வாங்குவது அவமானம். முந்தின வருஷம் அந்த என்ஜினீயர் வீட்டில் நாங்கள் கேசரி சாப்பிட்டிருந்தோம்.

போய் இறங்கினால் வாசலில் திருவிழாக் கூட்டம். கரும்புத் துண்டு, வெள்ளரிக்காய், பஞ்சு மிட்டாய். டிக்கெட் கவுண்டரில் ஒரு அட்டை தொங்கியது: இன்றைய அனுமதி முடிந்தது. உள்ளே யாராவது சீக்கிரம் வெளியே வந்தால் மதியத்துக்கு மேல் கொஞ்சம் டிக்கெட் கொடுப்போம் என்று காவலாளி சொன்னார். அதற்கே ஒரு வரிசை நின்றது. அப்பா நெல் கொள்முதல் களத்தில் செய்கிற மாதிரி வரிசையின் கடைசியில் துண்டைத் தரையில் போட்டுவிட்டு நிழலுக்கு வந்துவிட்டார். களத்தில் துண்டு கிடந்தால் அது ஆள் நிற்பதற்குச் சமம். இங்கே ஒரு கல்லூரிக் கும்பல் அதன் மேல் ஏறி நின்று செல்பி எடுத்தது.

தரகரிடமிருந்து போன் வந்தது. "அவங்க உள்ள இருக்காங்க. பெரிய கிணத்துக்கிட்ட. நீங்க சாதாரணமா நடந்து போற மாதிரி போங்க."

"நாங்க வெளில நிக்கிறோம். டிக்கெட் இல்ல," என்றேன்.

"டிக்கெட் எடுக்காமயா வந்தீங்க? சரி, ஏதாவது பண்ணுங்க தம்பி. நான் அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிடுறேன்."

இதிலும் அப்பாவுக்கு ஒரு சந்தேகம். "அவங்களுக்கு மட்டும் எப்படிக் கெடச்சுது? நம்மள வெளியில நிக்க வெச்சு எடை போட்டுப் பாக்குறாங்களோ என்னவோ."

தங்கை வேலிக்கு அப்பால், தோண்டிய இடத்தின் மேல் போட்டிருந்த தகரக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி ஒரு லீவு வர இரண்டு வருஷம் ஆகும் என்று தரகர் சொல்லியிருந்தார். அதற்குள் அந்த வீட்டார் வேறு இடம் முடித்துவிடுவார்கள். அவள் பேசியிருக்கவும் மாட்டாள், வேண்டாம் என்று சொல்லியிருக்கவும் மாட்டாள்.

அப்போதுதான் ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். நீலக் கோடு போட்ட சட்டை, கையில் மடித்த காகிதம் வைத்த பிளாஸ்டிக் கவர். எங்களை இரண்டு முறை கடந்து போனார். மூன்றாவது முறை நின்றார்.

"சார், நாலு பேருக்கு டிக்கெட் கூடுதலா இருக்கு. வெச்சுக்குங்க."

"எவ்வளவு?" என்றார் அப்பா.

"காசெல்லாம் வேண்டாங்க."

"காசு வேண்டாமா?" அப்பா ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "ஏன் வேண்டாம்?"

"எங்க ஆளுங்க நாலு பேரு வரல. வீணாப் போவுதேன்னு…"

"ஏன் வரல அவங்க?"

"அது… வரலைங்க."

"உங்களுக்கு எந்த ஊரு?"

அவர் யோசித்தார். சொந்த ஊர் எது என்று கேட்டால் யோசிக்கிற மனிதரை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். "இந்தப் பக்கந்தான்," என்றார்.

"இந்தப் பக்கம்னா?"

"இப்படித் தெக்கால."

அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள். "ஆளு பேசுறது அப்பாகிட்ட. கண்ணு நம்ம புள்ள மேலயே இருக்கு. வந்ததுலேர்ந்து அவளையேதான் பாக்குறான்."

நானும் பார்த்தேன். உண்மைதான். தலையிலிருந்து கால்வரை பார்க்கிறார். அவள் செருப்பைக்கூடப் பார்த்தார். எனக்குச் சுரீர் என்றது. போனை எடுத்து, "சார், உங்கள ஒரு போட்டோ எடுத்துக்கிறேன். அங்க போலீஸ்காரர் நிக்கிறாரு, அவருகிட்ட காட்டிட்டு அப்புறமா டிக்கெட்ட வாங்கிக்கிறோம்," என்று சொல்லிப் படம் பிடித்துவிட்டேன்.

அவர் கோபப்பட்டிருக்க வேண்டும். கோபப்படவில்லை. என்னவோ சொல்ல வாயெடுத்து, வேலிக்குள் ஒரு முறை பார்த்து, வாயை மூடிக்கொண்டார். "சரிங்க தம்பி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"பாத்தியா? போலீஸ்னதும் கெளம்பிட்டான்," என்றார் அப்பா.

கொஞ்ச நேரத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கிற காக்கிச் சட்டைக்காரர் நேராக எங்களிடம் வந்தார். சுற்றி வளைக்கவில்லை. "நாலு டிக்கெட் இருக்கு. ஆளுக்கு முந்நூறு. வேணுமா, வேற ஆளுக்குக் குடுத்துரட்டுமா?"

"அம்பது ரூவா டிக்கெட்டுக்கு முந்நூறா," என்றார் அப்பா. குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது.

"கூட்டத்தப் பாருங்க பெரியவரே."

"இருநூறு."

"கட்டாது. நான் வாங்கினதே அதுக்கு மேல."

"அப்ப வேணாம்."

அவர் நடந்தார். அப்பா கூப்பிடவில்லை. பத்தடி போய் அவரே திரும்பி வந்தார். "இருநூத்தம்பது. அதுக்குக் கீழ என்னக் கேக்காதீங்க."

விலை பேசுகிறவன் நிஜமான ஆள் என்பது அப்பாவின் கணக்கு. மாடு வாங்கினாலும் விதைநெல் வாங்கினாலும் அவர் அப்படித்தான். சொன்ன விலையில் நிற்கிறவனையும் விலையே சொல்லாதவனையும் அவர் கிட்டச் சேர்ப்பதில்லை. ஆனாலும் காகிதத்தைப் படிக்க வேண்டியது நான். வாங்கிப் பார்த்தேன். அன்றைய நாள், நாலு பேர், கீழே கட்டம் கட்டமான அந்தக் கறுப்புச் சதுரம். வாங்கினவர் இடத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. யாரோ வராமல் போன குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

"நாங்க உள்ள போனப்புறம்தான் காசு," என்றேன். "வாசல்ல மிஷின் பச்ச காட்டணும்."

"படிச்ச புள்ள," என்று அவர் சிரித்தார். அது பாராட்டா கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை. வாசலில் காவலாளி காகிதத்தைக் காட்டச் சொன்னார். மிஷின் பச்சை காட்டியது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அப்பா இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். பச்சை காட்டிய பிறகும் நான் பின்னால் திரும்பிப் பார்த்தபடியேதான் நடந்தேன், யாராவது கூப்பிடுவார்கள் என்று.

பள்ளத்துக்குள் செங்கல் சுவர்கள் முழங்கால் உயரத்துக்கு ஓடின. மேலே பலகைப் பாதை. பெரிய கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கிணற்றுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை நின்றார், போட்டோவில் இருந்ததைவிடக் கறுப்பாக, போட்டோவில் இருந்ததைவிடப் பயந்துபோய். அவருடைய அம்மாவும் அக்காவும் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், கல்தூண் நிழலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார் நீலக் கோட்டுச் சட்டைக்காரர்.

தற்செயலாகச் சந்திக்கிற நாடகம் அங்கேயே முடிந்துபோனது. முதலில் அவர்தான் பேசினார்.

"வாங்க வாங்க. நான் பையனுக்குத் தாய்மாமன். போலீஸ்காரரு என்ன சொன்னாரு தம்பி?"

எங்கள் நாலு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அம்மா கிணற்றைப் பார்த்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். "வாசல்ல யாரும் யாரையும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாதுன்னு தரகர் சொல்லியிருந்தாரு. அதான் யாருன்னு சொல்லாமக் குடுத்துட்டு வான்னு அனுப்பினேன். இப்படியா ஒருத்தர் சந்தேகப்படுவாங்க?"

"ஊரக் கேட்டாரு. பேராவூரணின்னு சொன்னா உடஞ்சிடும். நான் என்னத்தச் சொல்றது?" என்றார் மாமா. "சரி, எப்படியோ வந்துட்டீங்க. அந்தப் பார்க்கிங்காரரு கொண்டாந்து குடுத்துட்டாருல்ல?"

"எத?" என்றார் அப்பா.

"டிக்கெட்டத்தான். நான் குடுத்தா வாங்க மாட்டேங்குறாங்கன்னு அவருகிட்டக் குடுத்து, வெள்ளச் சட்டை போட்ட பெரியவரு குடும்பத்துக்கிட்ட சேத்துருங்கன்னேன்."

நான் காகிதத்தை எடுத்துப் பெயரைப் படித்தேன். மாப்பிள்ளையின் அக்கா, "என் பேருதான். உங்களுக்குன்னு தனியா நாலு, என் போன்லதான் போட்டோம்," என்றார். அப்பா எவ்வளவு கொடுத்தார் என்று யாரோ கேட்க, அம்மா சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவைத் தவிர.

அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் தங்கை மாப்பிள்ளையைப் பார்த்து, "கொஞ்சம் அந்தப் பக்கம் நடக்கலாமா?" என்று கேட்டாள். எல்லோர் முன்னாலும் கேட்டாள். அவருடைய அம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா மாமாவைப் பார்த்தார். மாமா விசிறியால் பாதையைக் காட்டினார். அவர்கள் நடந்தார்கள். நான் நாலு அடி பின்தொடர்ந்தேன். தங்கை திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நின்றுவிட்டேன். அந்த இடத்தில் ஒரு பலகை இருந்தது. செங்கல்லின் நீளம் அகலம் பற்றிய அந்தப் பலகையை எத்தனை முறை படித்தேனோ தெரியாது. இன்று கேட்டாலும் அளவு சொல்ல வராது. கண் எழுத்திலும் காது அந்தப் பக்கமும் இருந்தன. காற்று வயல் பக்கத்திலிருந்து அடித்தது, ஒன்றும் கேட்கவில்லை. அவர் பேசும்போது கையை முன்னால் நீட்டிக் காட்டினார். அதே தழும்புகள்.

என்ன பேசினார்கள் என்பதை அவள் திரும்பி வருகிற பஸ்ஸில் சொன்னாள். போனில் சொல்லிக்கொடுப்பது யார் என்று அவள் நேராகவே கேட்டிருக்கிறாள். "ஒரு ரூம்ல எட்டுப் பேரு இருக்கோம்," என்றாராம். "நான் பேச ஆரம்பிச்சா மேல் கட்டில்காரன் பதில் சொல்லித் தருவான், மத்தவனுங்க சிரிப்பானுங்க. எனக்கு அவ்வளவு சீக்கிரம் பேச வராது."

"இன்னிக்கு யாரு சொல்லித் தர்றா?"

"இன்னிக்கு யாரும் இல்ல. அதான் ஒண்ணுமே வர மாட்டேங்குது."

கொஞ்ச தூரம் சும்மா நடந்துவிட்டு, அவள் கேட்காமலே சொன்னாராம்: "நான் சூப்பர்வைசர் இல்ல. தரகர் அப்படிப் போட்டுட்டாரு. பைப் வெல்டர். இத உங்க அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. அவரு எடுத்த போட்டோவப் பத்தி மாமா சொன்னதுலேர்ந்து எனக்குப் பயமா இருக்கு."

ஆனால் இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அங்கே நான் பார்த்தது, இருவரும் கிணற்றைச் சுற்றித் திரும்பி வந்ததை மட்டும்தான். தங்கையின் முகத்திலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை. எல்லோரும் அவள் வாயைப் பார்த்து நின்றோம்.

கேட்பதற்குப் பதிலாக அப்பா சட்டைப் பையிலிருந்து இரண்டு நூறு ரூபாய் எடுத்தார். மாமாவிடம் நீட்டினார்.

"என்னங்க இது?"

"நாலு டிக்கெட்டு. உங்க காசுல வாங்கினது. அதுலதான் நாங்க உள்ள வந்திருக்கோம்."

"நீங்கதான் ஏற்கெனவே ஆயிரம் குடுத்துட்டீங்களே."

"அது அவனுக்குக் குடுத்தது. இது உங்களுக்கு. பாக்கி இருக்கக் கூடாது."

அப்பாவின் கை நீண்டபடியே இருந்தது. மாமா விசிறுவதை நிறுத்திவிட்டார். அந்தப் பணத்தை வாங்கினால் இரண்டு குடும்பத்துக்கும் இடையில் இன்னும் எதுவும் இல்லை என்று ஆகும். வாங்காவிட்டால், கேசரிக்குப் பதில் டிக்கெட்டில் நாங்கள் கை நனைத்துவிட்டோம். அது அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது. மாப்பிள்ளை தங்கையைப் பார்த்தார்.

தங்கை சொன்னாள்: "அப்பா, அத உள்ள வைங்க."

"பாப்பா, வேணாம்மா, அது வந்து…"

"தெரியும்ப்பா. உள்ள வைங்க."

அப்பா நோட்டு இரண்டையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா கூடையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து எங்கள் அம்மாவிடம் கொடுத்தார். அம்மா வாங்கிக் குடித்தாள், பாதிப் பாட்டில். மாப்பிள்ளையின் மாமா என் பக்கத்தில் வந்து, "தம்பி, அந்தப் போட்டோவ எனக்கு அனுப்பிடுங்க. நல்லா வந்திருந்தா கல்யாணப் பத்திரிகைலயே போட்டுரலாம்," என்றார்.

வெளியே வரும்போது அப்பா காக்கிச் சட்டைக்காரரைத் தேடினார். ஆள் இல்லை. வரிசை நின்ற இடத்தில் துண்டு மட்டும் செருப்புத் தடத்தோடு கிடந்தது. உதறித் தோளில் போட்டுக்கொண்டார். விஷயம் தெரிந்ததும் எங்கள் மாமா இரண்டு வாரம் பேசவில்லை. அது தனிக் கதை. போனில் போன இருநூறு ரூபாய் சில நாளில் கணக்குக்குத் திரும்பி வந்தது. அப்பாவிடம் காட்டினேன், அவர் நம்பவில்லை, பாஸ்புக்கில் பதிந்து வரச் சொன்னார். ஆக, பஸ் செலவு நீங்கலாக, எங்களுக்காக வாங்கி வைத்திருந்த டிக்கெட்டுக்கு நாங்கள் கொடுத்தது ஆயிரம் ரூபாய்.